ஆளில்லா இடங்களுக்கும் முகவரி உண்டு

2019 மே மாதம் இணையத்தில் ஒரு படம் பரவியது. மஞ்சள் தாள் ஒட்டிய சுவர்கள், ஈரம் ஊறியது போன்ற தரைவிரிப்பு, கூரையில் வரிசையாக டியூப்லைட்டுகள். ஒரு சுவருக்குப் பின்னால் இன்னொரு சுவர் தெரிகிறது. மேசை இல்லை, நாற்காலி இல்லை, ஆள் இல்லை. பெயர் சொல்லாத ஒருவர் அதற்குச் சில வரிகள் எழுதிவைத்தார். நாம் வாழும் உலகத்திலிருந்து வழுக்கி விழுந்தால் இப்படிப்பட்ட அறைகள் முடிவின்றி நீளும் ஓரிடத்தில் சிக்கிக்கொள்வோம் என்பது அவற்றின் சாரம். ‘பேக்ரூம்ஸ்’ என்ற கற்பனை உலகம் அப்படித்தான் பிறந்தது. 2022 ஜனவரியில் கேன் பார்சன்ஸ் என்ற இளைஞர், பள்ளி வயது தாண்டாதவர், அதை வைத்து யூடியூபில் ஒரு குறும்படம் வெளியிட்டார். தொடர்ந்து கணினி விளையாட்டுகள் வரிசை கட்டி வந்தன. அந்த அறை எங்கே இருக்கிறது என்பது மட்டும் ஐந்து ஆண்டுகள் தெரியாமலே இருந்தது. 2024இல் ஆர்வலர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஆஷ்காஷ் என்ற ஊரில், முன்பு மேசை நாற்காலி விற்ற கட்டடம் ஒன்று பொழுதுபோக்குப் பொருள் கடையாக மாறிக்கொண்டிருந்தபோது, 2002இல் எடுத்த படம் அது. மர்மம் கலைந்துபோயிற்றே என்று வருந்துகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தச் செய்திதான் இந்த முழு விவகாரத்திலும் முக்கியமானது. உலகத்துக்கு வெளியே இருப்பதாக லட்சக்கணக்கானோர் நம்பி மகிழ்ந்த அறைக்கு ஒரு தெரு இருந்தது. ஒரு வியாபாரம் இருந்தது. அது காலியாக இருந்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. இன்று நான் சொல்ல வந்ததும் அதுதான். ஆளில்லா இடங்களில் நம்மை நடக்கவிடும் விளையாட்டுகள் நம் காலத்தின் உண்மையான கலைகளில் ஒன்று. ஆனால் வெறுமைக்குக் காரணத்தைச் சொல்லாமல் விடும்போது அந்தக் கலை பாதி வழியில் நின்றுவிடுகிறது. மீதி வழி எப்படி இருக்கும் என்பதற்கு இந்த நீலகிரி மலையைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வகை விளையாட்டுகளை ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். சுடுவது, ஓடுவது, புள்ளி சேர்ப்பது ஒன்றும் இவற்றில் கிடையாது. நடக்கலாம், பார்க்கலாம், காதைத் தீட்டிக்கொண்டு கேட்கலாம். ‘வாக்கிங் சிமுலேட்டர்’ என்று முதலில் கேலியாகத்தான் பெயர் வைத்தார்கள். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. 2012இல் விற்பனைக்கு வந்த ‘டியர் எஸ்தர்’ ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவொன்றில், ஒரு குரல் துண்டுதுண்டாகக் கடிதம் வாசிக்க, நம்மைத் தனியே நடக்கவைத்தது. ஜப்பானியர் ஒருவர் ஏறக்குறைய தனியாளாகச் செய்து 2023இல் வெளியிட்ட ‘எக்சிட் 8’ ஒரு சுரங்கப்பாதை. வெள்ளை ஓடு பதித்த அதே நடைகூடம், அதே சுவரொட்டிகள், எதிரே வரும் அதே மனிதர். எங்காவது ஒரு சிறு மாற்றம் தெரிந்தால் திரும்ப வேண்டும்; தெரியாவிட்டால் மேலே போக வேண்டும். இதுதான் முழு விளையாட்டும். 2024இல் பின்லாந்திலிருந்து வந்த ‘பூல்ஸ்’ இன்னும் துணிச்சலானது. நீர் நிறைந்த வெள்ளைக் கூடங்கள். துரத்துகிறவர் இல்லை, இசை இல்லை, திரையில் எழுத்துகூட இல்லை. காலடியில் தண்ணீர் அலம்பும் ஓசையும் அது சுவரில் பட்டுத் திரும்பி வருவதும் மட்டும்தான். அந்த எதிரொலியின் நீளத்தை வைத்தே அடுத்த கூடம் எவ்வளவு பெரியது என்று ஆடுகிறவர் ஊகித்துவிடுகிறார். காதால் இடத்தை அளக்கும் இந்தப் பயிற்சியைச் சினிமாவும் நாவலும் நமக்கு இந்த அளவுக்குத் தந்ததில்லை. மூடுபனிக்கும் இங்கே ஒரு வரலாறு இருக்கிறது. 1999இல் வந்த ‘சைலண்ட் ஹில்’ விளையாட்டில் ஊரையே மூடிய பனி, தூரத்துக் காட்சிகளை வரைய முடியாத கருவியின் பலவீனத்தை மறைக்கப் போட்டது. அந்த மறைப்பே பிறகு அதன் அழகாகிவிட்டது.

எதிரி இல்லாத இடத்தில் நெஞ்சு ஏன் படபடக்கிறது? பேய் பயம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் ‘பூல்ஸ்’ போன்றவற்றில் பேயே இல்லை. பாலைவனத்தையோ நடுக்கடலையோ காட்டினால் இதே உணர்வு வருவதில்லை என்பதைக் கவனியுங்கள். நடைகூடம், காத்திருப்பு அறை, நீச்சல்குளம், அங்காடி என்று மனிதர் கூடுவதற்காகவே மனிதர் கட்டிய இடங்களில்தான் அது வருகிறது. கைப்பிடி நம் கையின் உயரத்தில் இருக்கிறது. படிக்கட்டு நம் காலின் அளவில் இருக்கிறது. எல்லாம் ஆளை எதிர்பார்த்து நிற்கின்றன, ஆள்தான் வரவில்லை. அப்படியானால் இந்த உணர்வுக்கு அடியில் இருப்பது பிரிவு. தமிழ் மரபுக்கு இது புதிய செய்தியல்ல. தொல்காப்பியர் நான்கு நிலங்களுக்குத் தெய்வம் சொன்னார், பாலைக்குச் சொல்லவில்லை. பாலை தனி நிலமாகவே இல்லாமல், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரிந்து அந்த வடிவத்தை அடைகின்றன என்று இளங்கோவடிகள் விளக்கினார். அந்தத் திணைக்கு உரிய பொருளாக வகுத்தது பிரிவை. ஆளரவமற்ற வழியும் பிரிந்தவரின் நினைப்பும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்பதை நம் முன்னோர் இலக்கணமாகவே எழுதிவைத்தார்கள். அதில் ஒரு முக்கியமான குறிப்பும் உண்டு. பாலைப் பாட்டில் தலைவன் ஏன் போனான் என்பது எப்போதும் தெரியும். பொருள் தேடிப் போனான்; போருக்குப் போனான். காரணம் தெரிவதால் அந்த வெறுமை ஒரு துளியும் குறைவதில்லை, இன்னும் கனக்கிறது.

குறிஞ்சி திரிந்து பாலையான கதை இந்த மலையில் நம் காலத்திலேயே நடந்திருக்கிறது. உதகையை அடுத்த இந்து நகரில் இருக்கும் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையைச் சொல்கிறேன். 1960இல் மத்திய அரசு நிறுவனமாகப் பதிவாகி, பிரான்சின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு 1967இல் உற்பத்தி தொடங்கியது. தூசியில்லாத குளிர்ந்த காற்றும் தூய நீரும் படச்சுருள் தொழிலுக்கு உயிர். அதனால்தான் மலைமேல் வந்தது. எக்ஸ்ரே சுருள், கறுப்பு வெள்ளைத் திரைப்படச் சுருள், புகைப்படத் தாள் என்று ‘இந்து’ முத்திரையோடு நாடு முழுக்கப் போயின. படச்சுருள் ஆலையின் உள்ளமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வெள்ளி உப்பு கலந்த ஜெலட்டினைச் சுருளின்மேல் மெல்லிய படலமாகப் பூசும்போது வெளிச்சத்தின் ஒரு கீற்று பட்டாலும் அத்தனையும் பாழ். ஆகவே பூச்சுக் கூடங்கள் இருட்டிலேயே இயங்கும். சில வேலைகளுக்கு மங்கிய சிவப்பு விளக்கு. சிலவற்றுக்கு அதுவும் கிடையாது. இத்தகைய கூடங்களுக்குள் போகும் வழியை வளைத்து வளைத்துக் கட்டுவது வழக்கம். ஆள் நுழையலாம், நேராகப் பாயும் ஒளி திருப்பத்தில் சுவரில் மோதி நின்றுவிடும். அதாவது, இன்றைய விளையாட்டுகள் கற்பனையில் கட்டும் குழப்பமான நடைகூடங்கள் தொழில் தேவைக்காக நிஜமாகவே கட்டப்பட்டன. அங்கே மனிதர்கள் சுவரைத் தொட்டும், எட்டு வைத்து எண்ணியும், அடுத்தவரின் குரலைக் கேட்டும், வேலைநேரம் முழுவதும் நடமாடப் பழகினார்கள். இருட்டு அவர்களுக்கு அச்சமாக இருந்ததில்லை, சம்பளமாக இருந்தது.

பிறகு என்ன ஆயிற்று? டிஜிட்டல் கேமரா வந்து கொன்றுவிட்டது என்று பொதுவாகச் சொல்வார்கள். காலக்கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. நலிந்த நிறுவனமாக அது 1996லேயே அறிவிக்கப்பட்டாயிற்று. டிஜிட்டல் கேமரா நம் ஊர்க் கடைகளுக்கு வந்தது அதற்கும் பிறகு. உலகம் வண்ணத்துக்கு மாறியபோது ஆலையின் பலம் கறுப்பு வெள்ளையிலேயே இருந்தது. பாலியெஸ்டர் எக்ஸ்ரே சுருளுக்காகப் பெரிய முதலீட்டில் புதிய பிரிவைத் தொடங்கிய காலமும், இறக்குமதி வரி குறைந்து வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து குவிந்த காலமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. வட்டி வளர்ந்தது. உற்பத்தி சுருங்கியது. 2014இல் மத்திய அமைச்சரவை மிச்சமிருந்த ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வுத் திட்டத்தை அங்கீகரித்தது. சுற்றி எழுந்த குடியிருப்பும் அதை நம்பியிருந்த வாழ்க்கையும் அதோடு குலைந்தன. இப்போது அந்தக் கட்டடங்களைப் படமெடுத்து இணையத்தில் ‘திகில் தொழிற்சாலை’ என்று போட்டால் பார்க்கிறவர்கள் ஏராளம். அங்கே திகில் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. கொள்கை முடிவுகளால் ஒரு திறமையே நாதியில்லாமல் போவது திகில்தானே.

ஆலையைவிட அமைதியாக இதே கதையைச் சொல்வது தேயிலை. பராமரிக்கும் தோட்டத்தில் செடி இடுப்பு உயரத்தில், மேசை விரித்ததுபோல நிற்கிறது. அந்த உயரம் இயற்கை கொடுத்ததல்ல. கொழுந்து கிள்ளும் பெண்ணின் கை எட்டும் அளவு அது. கவாத்து வெட்டி வெட்டி அந்த அளவிலேயே நிறுத்திவைக்கிறார்கள். சில ஆண்டுகள் கத்தி படாவிட்டால் செடி தன் உண்மையான உருவத்துக்குத் திரும்பி மரமாகிவிடும். வரிசைகளுக்கு இடையே நடக்கும் பாதை மூடிக்கொள்ளும். ஆகவே ஒரு சரிவில் தேயிலை தலைக்குமேல் வளர்ந்து நிற்பதைக் கண்டால் அங்கிருந்து கைகள் போய்விட்டன என்று படித்துக்கொள்ளலாம். எத்தனை காலம் ஆயிற்று என்பதையும் உத்தேசமாகச் சொல்லிவிடலாம். கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் பரவிய, அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தோட்டங்கள் எப்படி வந்தன என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று இரண்டு தலைநகரங்கள் பேசி முடித்தன. அந்த மக்களை யாரும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசு தொடங்கிய தோட்டங்கள் 1976இல் நிறுவனமாயின. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2022இல், நட்டத்தையும் ஆள் பற்றாக்குறையையும் காரணம் காட்டி ஒரு பகுதி நிலத்தை வனத்துறையிடமே ஒப்படைக்க அரசு முடிவுசெய்தது. காட்டுக்கு அது நன்மையாகவும் இருக்கலாம். ஆனால் அங்கே காலியாகும் தொழிலாளர் லைன் வீடு ஒவ்வொன்றும், கண்டியிலோ அட்டனிலோ ஏற்கெனவே ஒரு வீட்டைக் காலி செய்து வந்தவர்கள் இரண்டாம் முறையாகக் காலி செய்வது. சுவரில் ஆணி அடித்த துளை, அடுப்பு இருந்த இடத்தில் கரி, மஸ்டர் என்ற ஆள்கணக்கு எடுத்த முற்றம் எல்லாம் அந்த இரண்டு பயணங்களையும் சேர்த்தே சொல்கின்றன.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்; இதுதான் என் வாதத்தின் கடினமான பகுதி. வெறுமை சில சமயம் இடத்தில் இருப்பதில்லை, பார்க்கிறவர் கண்ணில் இருக்கிறது. 1819இல் கோவை ஆட்சியர் ஜான் சலிவன் இந்த மலைக்கு வந்தபோது இங்கே தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளும் எருமைகளும், கோத்தர்களின் பட்டறைகளும், படகர்களின் வயல்களும், சரிவுகளில் குறும்பரும் இருளரும் இருந்தார்கள். நிலம் தோடருடையது என்று சலிவனே வாதாடினார். அந்த வாதம் நிலைக்கவில்லை. மேய்ச்சல் புல்வெளி சும்மா கிடக்கும் தரிசு என்ற கணக்கு வென்றது. பிறகு அந்தப் புல்வெளிகளில் தைலமரமும் சீகையும் ஏறின. சுதந்திரத்துக்குப் பிறகும் தோல் பதனிடும் பட்டைக்காகவும் சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் மரக்கூழுக்காகவும் அது தொடர்ந்தது. சோலைக்கும் ஓடைக்கும் நீர் கொடுத்த புல்வெளி ‘காலி’ என்ற ஒற்றைச் சொல்லால் அழிந்தது. விளையாட்டுக்குத் திரும்புவோம். 1993இல் வந்து உலகையே மயக்கிய ‘மிஸ்ட்’ முதல் இன்றுவரை, ஆளில்லாத தீவு, ஆளில்லாத மாளிகை, கதவைத் திறந்து உள்ளே போகும் ஒரே ஒருவர் என்பதே இந்த வகையின் இலக்கணம். எல்லா இடமும் எனக்காகத் திறந்து கிடக்கிறது. யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்த மலையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்த நடை பழகிய நடைதான். அதனால்தான் காரணத்தைச் சொல்வது ஒரு அலங்காரம் அல்ல, நேர்மை என்கிறேன்.

இதற்கு வரும் முதல் மறுப்பு கலையிலிருந்து வருகிறது. தெரியாமையில்தான் இந்த விளையாட்டுகளின் சுவை இருக்கிறது. காரணத்தைச் சொன்னால் அது அருங்காட்சியக அறிவிப்புப் பலகை ஆகிவிடும் என்பார்கள். வலுவான மறுப்புதான். ‘பூல்ஸ்’ஸின் ஒரு கூடத்தில் வரலாற்றுக் குறிப்பை ஒட்டினால் நானும் அதை வெறுப்பேன். ஆனால் காரணத்தைச் சொல்லப் பலகை தேவையில்லை. 2013இல் வந்த ‘கான் ஹோம்’ விளையாட்டில் வெளிநாட்டிலிருந்து திரும்பும் பெண் வீட்டில் ஒருவரும் இல்லாததைக் காண்கிறாள். இரவு, மழை, மினுக்கும் விளக்கு. பேய்க்கதை என்றே நம்ப வைக்கிறார்கள். அலமாரியில் கிடக்கும் சீட்டு, ரசீது, பள்ளிக் குறிப்பேடு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும்போது, தங்கை தன் காதலை வீட்டார் ஏற்காததால் போய்விட்டாள் என்பது தெரியவருகிறது. அது தெரிந்த பிறகும் அந்த வீட்டின் தனிமை கரையவில்லை. அச்சம் போன இடத்தில் அக்கறை வந்து உட்காருகிறது. நம்மவர் சான்றும் ஒன்று உண்டு. டொராண்டோவில் உருவாகி 2023இல் வந்த ‘வெண்பா’, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதை. அடுத்த ஆண்டு பாஃப்டா விருதும் பெற்றது. நடந்து திரியும் விளையாட்டு அல்ல அது, சமைக்கும் விளையாட்டு. அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விடுபட்ட வரியை ஆடுகிறவர் தானே யோசித்து நிரப்ப வேண்டும். மகன் விலகிப்போகப் போக அந்த வீடு அமைதியாகிக்கொண்டே வருகிறது. அந்த அமைதிக்கு என்ன காரணம் என்று நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையே இல்லை. இட்லிக் கொப்பரையைக் கழுவி அடுக்கும் கையிலேயே அது இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு அறத்திலிருந்து வருகிறது. இதை நான் இன்னும் மதிக்கிறேன். வேலை இழந்தவர்களின் துயரத்தை, நாடு மாற்றப்பட்டவர்களின் வீட்டை, யாரோ ஹெட்போன் மாட்டிக்கொண்டு பொழுதுபோக்காக நடந்து பார்ப்பதா என்பது கேள்வி. அந்த ஆபத்து உண்மையானது. ஆனால் அது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. நம் சினிமா இந்த மலையின் பங்களாக்களையும் பனியையும் பேய்ப்படத்துக்கு எத்தனையோ முறை வாடகைக்கு எடுத்திருக்கிறது. அங்கே வேலை செய்தவர்கள் அந்தப் படங்களில் திடுக்கிட வைக்கும் காவல்காரராக வந்து போவதோடு சரி. காரணத்தோடு சொல்லும் கலைதான் அதற்கு மாற்று. அதற்கு நான் ஒரு நிபந்தனையும் வைப்பேன். போனவர்களை ஆவியாகக் காட்டக் கூடாது. இந்து நகரின் தொழிலாளர்கள் செத்துப்போனவர்கள் அல்ல. பென்ஷனுக்கும் நிலுவைக்கும் மனுக்கொடுத்து அலைந்தவர்கள், கோவையிலும் திருப்பூரிலும் பிள்ளைகளோடு வாழ்கிறவர்கள். அவர்களை ஆவியாக்குவது அவர்களுடைய கோரிக்கையையும் ஆவியாக்குவதுதான்.

எல்லா வெறுமையும் இழப்பு அல்ல என்றும் சிலர் சொல்லக்கூடும். அதை மறுக்காமல் ஏற்கிறேன். சீசன் முடிந்த ஜூன் மாத உதகைக்கு ஆளில்லாமை ஓய்வு. மலை ரயில் பாதையில் ஹில்குரோவ் நிலையத்தில் ஏறுவோரும் இறங்குவோரும் அரிது. நீராவி இன்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும் இடம் அது. காடு சூழ்ந்த அந்த மேடையின் தனிமைக்குச் சோகக்கதை எதுவும் தேவையில்லை. கல்லாறிலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரம் பிடித்து ஏறும் இன்ஜின் எவ்வளவு தண்ணீர் கேட்கும் என்பதே அதன் காரணம், அதுவே போதுமான அழகு. 2020 மே மாதம் பெருந்தொற்றால் மலர்க் கண்காட்சி நடக்காத தாவரவியல் பூங்கா வேறொரு வெறுமை. இவற்றை வேறுபடுத்திக் காட்டக்கூடிய படைப்பாளியைத்தான் நான் எதிர்பார்க்கிறேன். ஓய்வின் மௌனமும் பூட்டிய ஆலையின் மௌனமும் ஒரே பின்னணி ஒலியில் வந்தால் அவர் காதைத் தீட்டவில்லை என்று பொருள்.

இதையெல்லாம் செய்யப் பெரும் பணம் வேண்டுமே என்ற கவலை வேண்டாம். நான் சொன்ன ‘எக்சிட் 8’ ஒரே ஒரு நடைகூடம். ‘பூல்ஸ்’ சிறு குழுவின் உழைப்பு. விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்கள் இன்று கல்லூரி மாணவர் கணினியிலேயே ஓடுகின்றன. நம்மிடம் தட்டுப்பாடாக இருப்பது நேரம்தான். 1967இல் இருபது வயதில் இந்து நகர் ஆலையில் சேர்ந்தவருக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. பூச்சுக் கூடத்தின் இருட்டில் எத்தனை எட்டுக்குப் பிறகு திருப்பம் வரும், எந்த இயந்திரம் என்ன ஓசை எழுப்பும், ஷிப்ட் மாறும்போது எதிரே வருகிறவருக்கு என்ன சொல்லிக் குரல் கொடுப்பார்கள் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இல்லை, அவர்களிடம் இருக்கிறது. 1960களின் கடைசியில் மண்டபம் முகாம் வழியாகக் குழந்தையாக வந்து, பிறகு டான்டீயில் கொழுந்து கிள்ளி ஓய்வுபெற்ற பெண்களிடம் லைன் வீட்டின் ஒவ்வொரு அறைக்கும் கணக்கு இருக்கிறது. இந்த அரங்கில் கணினி படிக்கும் மாணவர்கள் இருக்கிறீர்கள். முதலில் ஒரு ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் வீட்டுக்குப் போங்கள். சுவர்களை வரைவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.